மேசை மேல் இருந்த நோட்டு

மூன்றாவது வளைவில் வண்டி மறுபடியும் கவிழ்ந்தது. இது எட்டாவது தடவை.

தம்பி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். வீடியோ விளையாட்டுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் ஸ்டீயரிங் அது. சாப்பாட்டு மேசையின் விளிம்பில் திருகி வைத்திருந்தான். எதிரே திரையில் அவர்களுடைய சிவப்பு வண்டி நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அச்சு அசல் அவர்கள் வண்டியேதான். இடது கதவில் இருந்த சொட்டையைக்கூட விடாமல் விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் வரைந்திருந்தார்கள். பின்பக்க மூலையில் அக்கா பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்ட பிரஷ் முடி ஒன்று உண்டு, அதுவும் இருந்தது. ஒற்றை முடியைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வண்டி எப்படி ஓடும் என்று மட்டும் பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"நீ வேணும்னே கவுக்கறியா?"

"நிஜத்துல எப்படி ஓட்டுவேனோ அப்படியேதான்க்கா ஓட்டறேன். ரெண்டாவது கியர்ல உள்ள திருப்பறேன், பின்பக்கம் துள்ளுது. அதுக்கு மேல என் கைல ஒண்ணும் இல்ல." அவன் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். "வண்டி கொஞ்சம் உயரமா நிக்கற மாதிரி இல்ல?"

"டிவில எல்லாம் அப்படித்தான் தெரியும். நீ மொதல்ல அத அணை."

அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்கள் அந்த வண்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய இரும்புக் கடையில் பாதி வண்டியாகக் கிடந்ததை எடுத்து வந்து, பகலெல்லாம் ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு ஆணியாகச் சேர்த்து அவள் கட்டியது. அவள் கட்டினாள், தம்பி ஓட்டினான். வருஷத்துக்கு ஒரு மலைப்பந்தயம். பதினொரு பந்தயத்தில் இரண்டு தடவை இரண்டாம் இடம், ஒரு தடவை மூன்றாம் இடம், ஒரு தடவை கியர் பெட்டி உடைந்து பாதி வழியில் நின்றது. கவிழ்ந்தது மட்டும் கிடையாது. மூன்றாவது வளைவு என்றாலே மற்ற வண்டிகள் பம்மிப் பம்மித்தான் போகும். இவர்கள் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போவதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து வந்து, உங்கள் வண்டியை எங்கள் பந்தய விளையாட்டில் சேர்க்கலாமா என்று கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். அதற்கென்ன என்று தலையாட்டிவிட்டுப் போனவர்கள், இன்று வண்டியைக் கரணம் போட வைத்துவிட்டார்கள். விளையாட்டு வெளியாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வண்டிக்கு 'குட்டிக்கரணம்' என்று பட்டப்பெயர். அது விதவிதமாக உருளுவதை வீடியோ எடுத்துப் போட்டு உலகமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

சிரிப்பதோடு விட்டிருந்தால்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அன்று காலை பந்தயச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வண்டியின் நிலைத்தன்மை குறித்து ஐயம் எழுந்துள்ளதால் இவ்வாண்டுப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறதாம். கீழே பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து. அந்த அதிகாரி யார் என்றால், கடைவீதியில் கடிகாரக் கடை வைத்திருக்கிறவர். முன்பு அவரும் பந்தயம் ஓட்டினவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே மூன்றாவது வளைவில் கவிழ்ந்து இடது தோள் நொறுங்கியது. கை தோளுக்கு மேல் தூக்க வராது என்றானதும் சங்கத்தில் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

உடனே போன் போட்டாள். "என் வண்டி எங்க கவுந்துச்சு? எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன்," என்றார் கடிகாரக்காரர். "அந்த கேம்ல."

அவள் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வண்டிகளைச் சோதிக்கறோம். சொல்ல வேண்டியது இருந்தா அப்ப வந்து சொல்லுங்க," என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. தம்பிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. அவனுடைய வலது கண்ணில் ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. இந்தத் தடவை போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்ட கண் டாக்டர், இனிமேல் பந்தய லைசென்ஸுக்குத் தன்னிடம் வராதே என்று சொல்லிவிட்டார். அவன் மலையேறப் போவது இதுதான் கடைசி. அதை ஒரு பொம்மை வண்டி தடுக்கிறது.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, ஒரு கை பார்த்துவிடுவது என்று விளையாட்டுக் கம்பெனிக்குக் கிளம்பினாள். தம்பியும் கூட வந்தான், அவளைப் பிடித்து இழுப்பதற்கு ஆள் வேண்டுமே.

மூன்றாவது மாடி. நடந்தால் சத்தம் வராத தரை விரிப்பு. காதில் ஹெட்போன் மாட்டிய நாற்பது ஐம்பது பேர், ஆளுக்கு இரண்டு திரை. வண்டியையே பிழைப்பாக வைத்திருக்கிற இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது, ஒரு ஸ்பேனர் கிடையாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதக் கோப்பையில் கொடுத்த காபியைத் தொடாமல் வைத்துவிட்டாள்.

வந்தவள் புள்ளிக்காரி. பேரெல்லாம் மறந்துவிட்டது, பட்டறைக்கு வந்த அன்று வண்டி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை ஒட்டி ஒட்டிப் படம் பிடித்ததால் தம்பி வைத்த பேர் இது. நிஜ வண்டியின் அளவுகளைத் திரையில் ஓடுகிற வண்டிக்குள் போடுவதுதான் அவள் வேலை. இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

"ஏம்மா, சொட்டை வரைக்கும் வரையத் தெரியுது. வண்டி நாலு கால்ல நிக்கணும்னு தெரியாதா?" என்று ஆரம்பித்தாள் அக்கா. "பதினோரு வருஷம் நான் ராவும் பகலும் கட்டினத மூணு வாரத்துல சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே. உங்க சோம்பேறித்தனத்துக்கு என் தம்பி வீட்ல உக்காரணுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதுல ஏறி உக்காந்து பாத்துட்டுச் செஞ்சிருக்கலாமே."

பக்கத்தில் நாலைந்து பேர் ஹெட்போனைக் கழற்றினார்கள். புள்ளிக்காரியின் முகம் சிவந்துவிட்டது. அவளும் சும்மா வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

"சோம்பேறித்தனமா? அந்த ஒரு வண்டிக்கு நான் ஆறு மாசம் உழைச்சிருக்கேன். சத்தத்துக்கு மட்டும் ஒன்பது மைக். பிரேக் சூடானா எவ்வளவு இழுக்கும்னுகூட போட்டிருக்கேன். எந்த அளவையும் நானா கற்பனை பண்ணல. நீங்க குடுத்த நோட்டுல என்ன இருந்துச்சோ அதுதான் உள்ள இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க."

போய், ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அச்சடித்திருந்தார்கள். "தரையிலேருந்து வண்டி வயித்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். பின் ஸ்பிரிங் கெட்டி எண்பது, முன் ஸ்பிரிங் முப்பது. எனக்கே சந்தேகம். எங்க படத்துல நூத்திப் பத்துதான் வந்துச்சு. அதனாலதான் உங்களுக்கு எழுதிக் கேட்டேன், எது சரின்னு. நீங்க என்ன பதில் போட்டீங்கன்னு பாருங்க."

அதையும் அச்சடித்து வைத்திருந்தாள், மகராசி. 'நோட்டில் உள்ளதே சரி. ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது.' சாட்சாத் அக்கா போட்ட பதில்.

அக்கா பக்கங்களைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையது. எண்களும் அவளுடையவை. முதல் பக்கத்தின் மூலையில் வட்டமாக டீக் கறை.

"அக்கா," என்றான் தம்பி மெல்ல. "இது மேசை நோட்டு."

மலைப்பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஒருவர் வண்டியின் அளவை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள். செத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேவு பார்க்க வருவார்கள். ஸ்பேனர் இரவல் கேட்டு வருவார்கள், சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்று வருவார்கள், கண் மட்டும் மேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷம் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அக்கா இரண்டு நோட்டு போட்டாள். உண்மை நோட்டு வீட்டு அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் இருக்கும். பட்டறையில் மேசை மேல் கேட்பாரற்றுக் கிடக்கிற மாதிரி கிடப்பது பொய் நோட்டு. தேதி போட்டு, அடித்துத் திருத்தி, டீக் கறை எல்லாம் வைத்து அவ்வளவு அழகாகப் பொய் எழுதியிருந்தாள். எவனாவது வந்து அளவைப் பற்றி வாயைத் திறந்தால், "எனக்கு வேலை இருக்கு, மேசை மேல நோட்டு கெடக்கு, பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பாள். புள்ளிக்காரி அளவு கேட்டபோது அக்கா ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும்தான் வெளியே. வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டது. சொன்னது மனதில் பதியக்கூட இல்லை. பிறகு எது சரி என்று கேட்டுப் புள்ளிக்காரியின் கடிதம் வந்தபோது, நோட்டு என்றால் அவள் நினைப்பில் போர்வைக்கு அடியில் இருந்த நோட்டுத்தான்.

"சரியான அளவு என்கிட்ட இருக்கு," என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"குடுங்க, மாத்தறேன். ஆனா வெளிய வர ரெண்டு வாரம் ஆகும்." புள்ளிக்காரிக்கு இன்னும் ஆறவில்லை. "கம்பெனி தப்பு பண்ணிடுச்சுன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன். திருத்தின அளவு வந்து சேர்ந்ததுன்னு வேணா தர்றேன்."

மனப்பாடமாக இருந்த அளவுகளைச் சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அக்கா தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தாள். பொய் நோட்டு வைத்தது யார் குற்றம்? திருட வருகிறவன் குற்றம். கடிகாரக்காரரிடம் இந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். பழைய அளவு, புது அளவு என்று சொல்லி முடித்துவிடலாம். எதற்கு ஊருக்கெல்லாம் புராணம்? ஊர் வந்து சேர்வதற்குள் பாதிக் கோபத்தைத் தேற்றி மறுபடியும் கடிகாரக்காரர் மேலேயே திருப்பிவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தின் முற்றத்தில் பதினேழு வண்டிகள் வரிசையாக நின்றன. தம்பி சிவப்பு வண்டியைக் கடைசியில் இறக்கி நிறுத்தினான். யாரோ "குட்டிக்கரணம் வந்தாச்சு," என்றதற்கு நாலு பேர் சிரித்தார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் நேரே தகரக் கூரை போட்ட அறைக்குள் போனாள்.

கடிகாரக்காரர் மேசைக்குப் பின்னால் இருந்தார். இடது கையை மடியில் வைத்திருந்தார். "உக்காருங்க."

"நிக்கறேன். கேம்ல செத்தவன் அடுத்த நிமிஷம் எழுந்து ஓடறான். அதையும் நம்பறீங்களா? வயசுக்கு வந்த மனுஷன் ஒரு பொம்மையைப் பாத்துட்டா ஒருத்தனோட கடைசிப் பந்தயத்தத் தடுப்பீங்க?"

"நூத்தி அறுபத்தஞ்சு," என்றார் அவர். "பின்னாடி எண்பது. முன்னாடி முப்பது."

அவள் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. அந்த எண்கள் அதில் இல்லை. விளையாட்டிலும் எங்கேயும் காட்ட மாட்டார்கள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி டார்ச் இரவல் கேட்டு உங்க பட்டறைக்கு வந்தேன்," என்றார் கடிகாரக்காரர். அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார். "நீங்க எடுக்க உள்ள போனீங்க. நோட்டு தெறந்து கெடந்துச்சு. எழுதிக்கிட்டேன். திருட்டுதான், இல்லைங்கல. அதே மாதிரி என் வண்டியக் கட்டினேன். மொதல் பந்தயத்துலயே மூணாவது வளைவுல பின்பக்கம் துள்ளிச்சு. அவ்வளவுதான் ஞாபகம். உங்க தம்பி கைக்கு அடங்கறது என் கைக்கு அடங்கல போலன்னு நெனச்சேன். நாலு வருஷம் என் கையத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

வெளியே யாரோ ஒரு இன்ஜினை முடுக்கி நிறுத்தினார்கள். அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"வெரலுக்குப் பயிற்சி குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், அதுக்காகத்தான் இந்த கேம வாங்கினேன். உங்க வண்டிய எடுத்தேன். அதே வளைவு, அதே துள்ளல். அப்பதான் புரிஞ்சுது, தப்பு கைல இல்ல, அளவுல இருக்குன்னு. அந்த அளவோட உங்க தம்பி இத்தனை வருஷம் பொழச்சதே அதிர்ஷ்டம். இப்ப கண்ணும் சரியில்லன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பையன் சாகக் கூடாது. அதான் நிறுத்தினேன். காரணத்தச் சொன்னா என் திருட்டையும் சொல்லணும், அதனால கேம் மேல பழியப் போட்டேன்."

காகிதத்தை நீட்டியிருக்கலாம். அளவெல்லாம் மாற்றியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டிருப்பார். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். எந்தத் திருடன் வந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை.

"அது பொய் நோட்டு," என்றாள். "வேவு பாக்க வர்றவங்களுக்குன்னு நான் எழுதி வெச்சது. எங்க வண்டி எப்பவும் நூத்திப் பத்துதான்."

கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றி, ஒற்றைக் கையால் சட்டையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க," என்றார். "பூ கொண்டுவந்து வெச்சீங்க. பாத்து ஓட்டக் கூடாதான்னு கேட்டீங்க."

"நீங்க எழுதிக்கிட்டது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"யாராவது எழுதிக்கணும்னுதானே வெச்சீங்க. போட்டு ஓட்டினா என்ன ஆகும்னு உங்களத் தவிர யாருக்குத் தெரியும்? நான் திருடன். சரி. திருடனுக்கு இந்தத் தண்டனைன்னு யார் முடிவு பண்ணினது?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். சிவப்பு வண்டியின் அருகே போய், வலது கையை ஊன்றி மெதுவாகத் தரையில் படுத்தார். தம்பி தாங்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். நாலு மூலையிலும் அளந்தார். நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து. ஸ்பிரிங்குகளில் பொறித்திருந்த எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து, பதிவுத் தாளைத் தம்பியின் வண்டி மேல் வைத்தே கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தார். அக்காவைத் தாண்டி அறைப் பக்கம் நடந்தார்.

தம்பிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வந்த காரியம் முடிந்துவிட்டது. வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள், சோதனையில் காட்ட வேண்டிவருமோ என்று கொண்டுவந்திருந்த உண்மை நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். அளவுப் பக்கத்தை நறுக்கென்று கிழித்தாள்.

"அக்கா, என்ன பண்ற? பந்தயத்துக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும்டா. உனக்கு ஓட்டத் தெரியும்ல? ஓட்டு."

அறிவிப்புப் பலகையில், புறப்படும் வரிசைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதைக் குத்தினாள். "இதுதான் எங்க வண்டியோட அளவு," என்றாள், பதினேழு வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்படி. "என் பட்டறை மேசைல கெடந்த நோட்டு பொய். அத யாராவது எழுதிட்டுப் போயிருந்தா தயவுசெஞ்சு கிழிச்சுப் போடுங்க. அந்த அளவுல ஓட்டினா வண்டி கவுந்துடும்."

வரிசையில் நின்ற நீல வண்டிக்காரன் பக்கத்திலிருந்தவனிடம், "பந்தயத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப தானம் பண்றாங்களாம், தானம். இத நம்பி எவனாவது ஸ்பிரிங்கக் கழட்டினா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அளவைச் சொன்னால் ஒரு பயல் நம்பமாட்டேன் என்கிறான். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கடிகாரக்காரர் அறை வாசலிலிருந்து இறங்கி வந்தார். பலகைக்கு எதிரே நின்று, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தொங்குகிற இடது கையின் விரல்களுக்குள் அதைச் செருகிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டார்.

"நான் இப்பதான் அளந்தேன்," என்றார், யாரையும் பார்க்காமல். "சரியாத்தான் இருக்கு."

நீல வண்டிக்காரன் பேனா தேடினான். அவனிடம் இல்லை, கடைசியில் அக்காவிடம்தான் வந்து கேட்டான். அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.